சாஃப்ட்னர் மாட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சில மாதங்களாக வீட்டுக்கு வீடு வாட்டர் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பை எடுக்கும் கருவி, விற்கிறார்கள். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து நிறம் மாற்றிக் காட்டுகிறார்கள், மாதத் தவணைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் பல வீடுகளுக்கு அந்தக் கருவி தேவையே இல்லை. உண்மையிலேயே தேவைப்படும் சில வீடுகளில் அது வேலை செய்ய முடியாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர்மேனாக இருந்தவன். சாஃப்ட்னர் என்ற பெயர் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே ஆலைகளில் இருந்த கருவி அது. பாய்லருக்குள் போகும் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் குழாய்களின் உட்புறத்தில் வெள்ளையாக ஓடு கட்டும். ஓடு கட்டினால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது; இரும்பு மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும்; ஒரு நாள் குழாய் வீங்கி வெடிக்கும். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதி வைப்போம். குடுவையில் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்து போட்டுக் கலக்கினால், சுண்ணாம்பு இருந்தால் சிவப்பாகும், இல்லையென்றால் நீலமாகும். சிவப்பு வந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, உடனே சாஃப்ட்னருக்கு உப்பு ஏற்ற வேண்டியதுதான். நீலத்தைப் பார்க்காமல் அடுத்த ஷிப்டுக்காரர் பொறுப்பேற்க மாட்டார். ஆகவே இந்தக் கருவி எப்படி வேலை செய்யும், எப்போது வேலை செய்யாது என்பது எனக்கு விளம்பரத் தாளைப் பார்த்துத் தெரிந்த விஷயம் அல்ல.

முதலில் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவிலிருந்து வடக்கே வரும்போது செம்மோர் பக்கம் கந்தான் மலை, அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகள் எல்லாம் சுண்ணாம்புக்கல். கிந்தா பள்ளத்தாக்கின் அடியிலும் அதே கல்தான். ஆனால் கிழக்கே உள்ள தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல். கருங்கல் மலையில் பெய்து ஆற்றில் ஓடி வரும் மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் கரையாது. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரில் நிறையக் கரைந்திருக்கும். இதனால் ஒரே ஊரில், ஒரே சாலையில், இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து அரசாங்கக் குழாயில் வருவது ஒன்று. மலையடியில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் ஏற்றுவது இன்னொன்று.

தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பின் அளவை, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். 60 வரை மென்மையான தண்ணீர். 60க்கு மேல் 120 வரை சுமார். 180க்கு மேல் போனால் மிகக் கடினம். எங்கள் தாமானில் என் வீட்டுக் குழாயில் சோதித்தபோது 40கூட வரவில்லை. அக்கம் பக்கத்து வீடுகளிலும் அப்படியே. இந்தத் தண்ணீருக்கு எதற்கு சாஃப்ட்னர்? சோப்பு நன்றாக நுரைக்கிறது, கேத்தலில் ஓடு கட்டுவதில்லை, குளியலறைக் குழாயில் வெள்ளைக் கறை இல்லை. எடுக்க வேண்டிய சுண்ணாம்பே அதில் இல்லை. ஆனால் எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டுப் போர்ட்டிக்கோவில் அந்தக் கருவி நிற்கிறது.

அதில் ஒரு வீடு, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அக்காவின் வீடு. கணவர் இல்லை, பிள்ளைகள் கோலாலம்பூரில். சேமநிதியில் மிச்சம் இருந்ததில் முன்பணம் கட்டியிருக்கிறார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "தம்பி, நம்ம தண்ணிக்குள்ள ரெண்டு கம்பிய விட்டாங்கப்பா. கொஞ்ச நேரத்துல சாக்கடைத் தண்ணி மாதிரி ஆயிருச்சு. அவங்க கொண்டாந்த தண்ணி அப்படியே தெளிவா இருந்துச்சு. இத்தன வருசமா இதையா குடிச்சோம்னு வயிறே கலங்கிருச்சு" என்றார்.

இந்தக் கம்பி வித்தையைப் பற்றி வாசகர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கிறது. தண்ணீருக்குள் மின்சாரம் பாயும்போது அந்தக் கம்பிதான் கரைந்து துருவாகித் தண்ணீரைப் பழுப்பாக்குகிறது. அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. விற்பனையாளர் கொண்டுவரும் தண்ணீரில் தாதுப்பு ஏறக்குறைய முழுவதும் எடுக்கப்பட்டிருப்பதால் அதில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. ஆகவே அது தெளிவாகவே இருக்கும். அவருடைய தெளிவான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, அதே கம்பியை அதே நேரம் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நான் அந்த அக்கா வீட்டுக்கு மறுபடி வந்த விற்பனையாளரிடம் இதைக் கேட்டேன். உப்பு போட விடவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பேனா போன்ற இன்னொரு கருவியும் காட்டுவார்கள், டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் விட்டால் ஒரு எண் காட்டும். அது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும் கணக்கு. கடையில் காசு கொடுத்து வாங்கும் மினரல் வாட்டரிலும் எண் ஏறித்தான் காட்டும். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சாஃப்ட்னர் அந்த எண்ணைக் குறைக்காது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. மொத்த உப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆகவே டிடிஎஸ் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி சாஃப்ட்னர் விற்பவர், தான் விற்கும் பொருள் தீர்க்கவே முடியாத ஒன்றைக் காட்டி விற்கிறார்.

அந்த அக்கா வீட்டுக் கருவியைத் திறந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அது சாஃப்ட்னரே அல்ல. உயரமான ஒரு தொட்டி, உள்ளே மணலும் கரியும். உப்புத் தொட்டி கிடையாது. அது வெளிப்புற மணல் ஃபில்டர். சேறும் துருவும் கலங்கி வரும் வீட்டுக்கு அது நல்ல சாதனம்தான். பழைய குழாய்கள் உடைந்து பழுது பார்த்த பிறகு வரும் கலங்கல் தண்ணீரை அது வடிக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு மணலில் நிற்காது. உப்பும், சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசின் மணிகளும் இல்லாமல் சாஃப்ட்னர் என்ற பெயரில் விற்கும் இந்த மாதிரிக் கருவிகள், குழாயைச் சுற்றி மாட்டும் காந்தம் உட்பட, தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துவிடாதவை.

இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம். 1993 ஆம் ஆண்டின் மலேசிய நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்பவர் ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 10 வேலை நாளுக்குள் வேண்டாம் என்று எழுத்துமூலம் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த நாள் கடந்துபோயிருந்தாலும், சாஃப்ட்னர் என்று சொல்லி மணல் ஃபில்டரைக் கொடுத்திருந்தால் பயனீட்டாளர் திரிபுனலுக்குப் போகலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). வக்கீல் வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள். ரசீது, ஒப்பந்தத் தாள், கைத்தொலைபேசியில் வந்த செய்திகள் எதையும் தூக்கிப் போட வேண்டாம். அந்த அக்காவுக்கு மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சரி, சாஃப்ட்னரே வேண்டாம் என்று நான் சொல்கிறேனா? இல்லை. மலையடியில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

எங்கள் ஊருக்கு வெளியே சுண்ணாம்பு மலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளை என்று ஐந்து பேர். ஆழ்துளைக் கிணறுதான் அவர்களுக்கு எல்லாம். அங்கே சோதித்தபோது 240 வந்தது. ஷவர் ஹீட்டர் இரண்டு முறை கெட்டிருக்கிறது. துணி வெளுத்து முரடாகிறது. அந்த வீட்டு அம்மா தலைக்குச் சீயக்காய் போட்டால் பிசுபிசுவென்று நிற்கிறது என்று வருத்தப்படுவார். அவர்கள் வாங்கியது உண்மையான சாஃப்ட்னர், நல்ல கருவி, நியாயமான விலை. ஆனால் மாட்டிப் பல மாதம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்துச் சோதித்தேன். இரண்டும் ஒன்றே. உப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தால் முதல் நாள் கொட்டிய உப்பு அப்படியே இருக்கிறது. "உப்பு அதிகம் சாப்பிடாத மெஷின்" என்று மாட்டியவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

உப்பு குறையவில்லை என்றால் சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏன் என்று சொல்கிறேன். தொட்டிக்குள் கடுகைவிடச் சிறிய ரெசின் மணிகள் இருக்கின்றன. அவை சோடியத்தைப் பிடித்துவைத்திருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் ஊடே போகும்போது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். சில நாளில் மணிகள் எல்லாம் கால்சியத்தால் நிரம்பிவிடும். அப்போது அடர்த்தியான உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்து, மணிகளிலிருந்து கால்சியத்தை விரட்டி, சாக்கடையில் கழுவி விட்டால் மறுபடி புதிதாகும். இந்த இழுக்கும் வேலையைச் செய்வதற்குத் தனி பம்ப் கிடையாது. வேகமாகப் பாயும் தண்ணீரே ஒரு சிறு துவாரத்தின் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அதற்கு அழுத்தம் வேண்டும், சாதாரணமாக ஒன்றரை பார் அளவாவது. அந்த வீட்டில் கருவியைக் கூரைத் தொட்டிக்குக் கீழே, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்டியிருந்தார்கள். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 0.3 பார் அழுத்தம்தான் இருக்கும். உப்பு எப்படி ஏறும்? ரெசின் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு அது வெறும் தொட்டி.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கூரைத் தொட்டி இருப்பதால் இந்தத் தவறு எங்கேயும் நடக்கலாம். சாஃப்ட்னர் தொட்டிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. அரசாங்கக் குழாய் என்றால் மீட்டருக்குப் பிறகு, தொட்டிக்கு ஏறும் குழாயில். கிணறு என்றால் பிரஷர் பம்புக்குப் பிறகு, தொட்டிக்கு முன்னால். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். உள்ளூர் பிளம்பர் ஒருவர் குழாயை வெட்டி வேறு வழியில் கொண்டுபோனார். கருவி அதேதான். இப்போது வெளியே வரும் தண்ணீரில் சோதனை மருந்து இரண்டு துளி விட்டதுமே நிறம் மாறிவிடுகிறது, அதாவது தண்ணீர் மென்மையாகிவிட்டது.

குழாயை மாற்றும்போதே இன்னும் சிலவற்றைச் சரி செய்தோம். அந்தக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், வாளியில் வைத்தால் சிறிது நேரத்தில் மஞ்சள் பூக்கும். அது இரும்பு. இரும்பு ரெசினில் ஒட்டிக்கொண்டால் சாதாரண உப்பு அதை முழுதாக விரட்டாது. மணிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். ஆகவே சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பை வடிக்கும் ஃபில்டர் ஒன்று வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து பைபாஸ். கருவியைச் சுற்றி மூன்று வால்வுகளோடு ஒரு மாற்றுக் குழாய் இருக்க வேண்டும். பழுது வந்தால் கருவியை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். அது இல்லாத வீட்டில் கருவி கெட்டால் வீடே காய்ந்து கிடக்கும்.

கழிவு நீர்க் குழாயை எங்கே விட்டிருந்தார்கள் தெரியுமா? கருவேப்பிலை மரத்தின் அடியில். உப்பு ஏறாதவரை மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் கருவியைச் சரி செய்த பிறகு அதை அப்படியே விட்டிருந்தால் அந்த மரமும் பக்கத்திலிருந்த முருங்கையும் கருகியிருக்கும். கழிவு லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்குத்தான் போக வேண்டும். குழாயின் வாய் சாக்கடைத் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கக்கூடாது. இரண்டு விரல் இடைவெளியாவது விட்டு மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் குறையும் நேரத்தில் சாக்கடைத் தண்ணீரே திரும்பி உள்ளே உறிஞ்சப்படும்.

கருவியின் அளவையும் கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் நாட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கிறார். ஐந்து பேருக்கு 1,000 லிட்டர் என்று வையுங்கள். 240 கடினம் என்றால் ஒரு நாளைக்கு 240 கிராம் சுண்ணாம்பைக் கருவி பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி 1,250 கிராம், அதாவது ஐந்து நாள் தாங்கும். ஒவ்வொரு முறை கழுவுவதற்கும் இரண்டரை முதல் மூன்று கிலோ உப்பும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் போகும். 25 கிலோ உப்பு மூட்டை ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரும். விற்பவர் இந்தக் கணக்கை உங்கள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். போடத் தெரியாதவர் என்றால் அவருக்கு அந்தக் கருவியைப் பற்றித் தெரியாது.

தண்ணீர் எவ்வளவு ஓடியது என்று தானே அளந்து கழுவிக்கொள்ளும் வால்வு இருக்கிறது, கடிகாரத்தை வைத்து மட்டும் கழுவும் வால்வும் இருக்கிறது. முதல் வகை சற்று விலை அதிகம், ஆனால் உப்பு வீணாகாது. கடிகார வகை வாங்கியிருந்தால் இடி மழைக்குப் பிறகு பாருங்கள். நம் பேராவில் சாயங்கால இடிக்கு மின்சாரம் ட்ரிப் ஆவது சாதாரணம். கடிகாரம் அந்த நேரத்துக்கு நின்றுபோகும். நடுராத்திரி இரண்டு மணிக்கு நடக்க வேண்டிய கழுவல், பிள்ளைகள் பள்ளிக்குக் குளிக்கும் நேரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வருவது சுத்திகரிக்காத சுண்ணாம்புத் தண்ணீர்தான். உப்புக்கு மாத்திரை உப்போ கல்லுப்போ போடுங்கள். தூள் உப்பு வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது மேலே கட்டியாகி, அடியில் வெற்றிடம் விட்டு நிற்கும். பார்த்தால் உப்பு நிறைய இருப்பதாகத் தோன்றும். மாதம் ஒரு முறை துடைப்பக் கட்டையை மெதுவாக உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கும் குழாய்க்கு விடாதீர்கள்.

கடினத்தில் 100 மில்லிகிராம் எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். அந்த 240 தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 110 மில்லிகிராம். இரண்டு லிட்டர் குடித்தால் 220. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தம் 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்கச் சொல்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரிலேயே போய்விடுகிறது. ஆரோக்கியமானவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் நம் தோட்டத்து மக்களில் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு, எத்தனை பேர் டயாலிசிஸுக்குப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் உப்பைக் குறை என்கிறார், கருவேப்பிலைக் குழம்பில் உப்பை அளந்து போடுகிறோம், தண்ணீரில் தெரியாமல் சேர்ப்பதா? சோடியத்துக்குப் பதில் பொட்டாசிய உப்பு போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. குழந்தைக்குப் பால் மாவு கலக்கவும் சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டாம். சமையலறையில் ஒரு குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து விடுங்கள். பிளம்பருக்குச் சின்ன வேலைதான். தோட்டத்துக்கு ஊற்றும் குழாயையும் அப்படியே பிரித்துவிட்டால் உப்பும் மிச்சம், செடிகளும் பிழைக்கும்.

சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்தால் கெடுதல் என்ற பயமும் தேவையில்லை. நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் கடினத்துக்கு 500 வரை அனுமதி இருக்கிறது. கால்சியம் உடம்புக்குத் தேவையானதுதான். கிணற்றுத் தண்ணீரில் பயப்பட வேண்டியது கிருமிக்கு. சாஃப்ட்னர் ஒரு கிருமியையும் கொல்லாது. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கேத்தலில் படியும் வெள்ளை ஓட்டைப் பார்த்துப் பயப்படாமல், கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிச் சூடாக்கி ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும். கடினம் 100ஐச் சுற்றி இருக்கும் வீட்டுக்கு அந்த வினிகர் பாட்டிலே போதும், ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்க வேண்டாம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் தண்ணீர் நிர்வாகத்தின் பொறுப்பு. 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதித் தரச் சட்டம், அதுதான் 446 ஆவது சட்டம், லயத்து வீடுகளுக்கு இலவசமாகப் போதுமான குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளை இடுகிறது. தண்ணீர் சரியில்லை என்றால் ஆபீஸில் போய்க் கேட்கலாம், கிராணியிடம் சொல்லலாம், யூனியனில் எழுப்பலாம். இப்போது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் கம்பி வித்தைக்காரர்கள் நுழைகிறார்கள். வயதானவர்களை ஏமாந்துவிட்டீர்களே என்று திட்டிப் பயனில்லை. கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு எண் கையில் வேண்டும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை அல்ல. வண்ண மீன் விற்கும் கடையில் கடினம் சோதிக்கும் சிறு பாட்டில் கிடைக்கிறது. ஜிஹெச் என்று மேலே போட்டிருக்கும். ஐந்து மில்லிலிட்டர் தண்ணீரில் துளித் துளியாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு துளிக்குச் சுமார் 18 மில்லிகிராம். இரண்டு துளியில் மாறினால் உங்கள் வீட்டுக்கு சாஃப்ட்னர் வேண்டாம். பத்துத் துளிக்கு மேல் போனால் யோசிக்கலாம். ஒரு பாட்டிலை வைத்துப் பல வீடுகளைச் சோதிக்கலாம்.

ஆகவே தங்கள் நாளிதழ் மூலம் சிலரிடம் கேட்டுக்கொள்கிறேன். சாஃப்ட்னர் விற்பவர்கள், மாட்டுவதற்கு முன் வீட்டுத் தண்ணீரின் கடினம் எவ்வளவு, மாட்டிய பின் எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவர்களுக்கே நல்லது. தண்ணீர் வாரியம் எப்படியும் தண்ணீரைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்தின் கடின அளவையும் தண்ணீர் பில்லில் ஒரு வரியாக அச்சிட்டால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒரு சோதனைப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வரச் சொல்லலாம். எங்கள் ஊரில் இதைத் தொடங்கியிருக்கிறோம். மலையடி வீடுகளில் தண்ணீர் கடினமாக இருப்பதும், தாமான் வீடுகளில் மென்மையாக இருப்பதும் பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

எண்ணெய் ஆலைகளில் பாய்லரிலும் லேப்பிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பேராவிலும் கெடாவிலும் ஜொகூரிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பல வருடம் ஷிப்டுக்கு ஷிப்ட் இதே சோதனையைச் செய்தவர்கள். அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் சாஃப்ட்னர் வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டால், கூப்பிடாவிட்டாலும் நீங்களே போய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்துக் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எண்ணெய் ஆலை பாய்லர்மேன்,
சுங்கை சிப்புட், பேரா.